வரிசை எண் அடையாளம் ஆகாது

கைபேசிச் செயலி எழுதப் பழகும் மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



உங்கள் கைபேசியில் ஏதாவது ஒரு வாட்ஸ்அப் குழுவைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள். இன்று நான் பேசப்போவது முழுவதும் அந்தத் திரையில் இருக்கிறது. மேலே 'நேற்று' என்று ஒரு சின்னத் தேதிப் பட்டை. அதன்கீழ் இடப்பக்கம் ஒட்டி யாரோ அனுப்பிய செய்தி. வலப்பக்கம் ஒட்டி நீங்கள் எழுதிய பதில். பிறகு ஒரு புகைப்படம். ஒரு குரல்பதிவு, அதை ஓடவிட ஒரு பொத்தான். இன்னார் குழுவில் சேர்ந்தார் என்று ஓர் அறிவிப்பு. அழிக்கப்பட்ட செய்தி ஒன்று. படிக்காதவை இங்கிருந்து தொடங்குகின்றன என்று ஒரு கோடு. விரலால் தள்ளினால் அத்தனையும் ஒன்றாக நகர்கின்றன, ஆகவே இது ஒரே பட்டியல்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் உருவம் வேறு, உயரம் வேறு, தொட்டால் நடக்கும் காரியமும் வேறு.

பாடங்களில் நமக்கு முதலில் சொல்லித்தருவது ஒரே மாதிரியான நூறு வரிகளைக் காட்டும் பட்டியல். அப்படிப்பட்ட பட்டியலை உண்மையான செயலியில் தேடித்தான் பிடிக்க வேண்டும். தொடர்பு எண்களின் பட்டியலில்கூட அ, ஆ என்று எழுத்துத் தலைப்புகள் இடையிடையே வருகின்றன. வங்கிச் செயலியில் கணக்கு விவரத்தைத் திறந்தால் மாதத் தலைப்பு, வரவு, செலவு, இன்னும் முடியாத பரிமாற்றம் என்று கலந்தே கிடக்கின்றன. எனவே கலவைப் பட்டியலை ஒரு சிறப்புத் தேவையாக, பின்னால் பார்த்துக்கொள்ளும் விஷயமாக நினைக்காதீர்கள். இயல்பான பட்டியல் கலவைப் பட்டியல்தான். ஒரே வகை மட்டும் உள்ள பட்டியல்தான் அபூர்வம்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பட்டியலில் உள்ள ஓர் உருப்படி எந்த இடத்தில் நிற்கிறது என்பது ஒரு கேள்வி. அது என்ன வகை என்பது இன்னொரு கேள்வி. அது எந்த உருப்படி, அதாவது அதன் அடையாளம் என்ன என்பது வேறொரு கேள்வி. இந்த மூன்றுக்கும் ஒரே பதில் போதும் என்று நினைத்து எழுதப்பட்ட நிரல்தான் கலவைப் பட்டியலில் தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க, கைபேசிகள் மிக ஏழையாக இருந்த காலத்துக்குக் கொஞ்சம் போக வேண்டும்.

2007-இல் வந்த முதல் ஐபோனின் நினைவகம் 128 எம்பி. 2008 அக்டோபரில் விற்பனைக்கு வந்த முதல் ஆண்ட்ராய்டு கைபேசியான ஜி1-இல் 192 எம்பி. அதற்குள்தான் இயங்குதளம், தொலைபேசி அழைப்பு, உங்கள் செயலி எல்லாம் அடங்க வேண்டும். இரண்டிலும் திரை 320-க்கு 480 புள்ளிகள். ஒரு நேரத்தில் எட்டு, பத்து வரிகள்தான் கண்ணுக்குத் தெரியும். பட்டியலில் இரண்டாயிரம் உருப்படிகள் இருந்தால் இரண்டாயிரம் வியூக்களை, அதாவது திரையில் வரையப்படும் உறுப்புகளை, உருவாக்கி வைக்க அந்தக் கருவியில் இடம் கிடையாது.

இடம் மட்டும் அல்ல, நேரமும் இல்லை. திரை ஒரு நொடியில் 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. அதாவது ஒரு காட்சிக்குச் சுமார் 16.7 மில்லிவினாடி. விரல் நகரும்போது கீழிருந்து ஒரு புதிய வரி எட்டிப்பார்க்கிறது என்றால், அதைச் செய்து, அளந்து, வரைந்து முடிக்க அவ்வளவுதான் அவகாசம். இன்றைய 120 ஹெர்ட்ஸ் திரைகளில் அது 8.3 மில்லிவினாடியாகக் குறைந்துவிட்டது. அவகாசம் தாண்டினால் ஒரு காட்சி விடுபடும். பார்ப்பவர் அதை 'திக்குது' என்பார். எக்ஸ்எம்எல் கோப்பைப் படித்து ஒரு வியூவைப் புதிதாகக் கட்டுவது அந்த அவகாசத்தில் பெரும்பங்கை விழுங்கக்கூடிய வேலை. கட்டியதைத் தூக்கியெறிந்துகொண்டே இருந்தால், குப்பையை அள்ள வரும் நினைவக மேலாளர் வேறு இடையில் ஓட்டத்தை நிறுத்திவிடும். ஆண்ட்ராய்டுச் செயலிகளை டால்விக் என்ற பழைய இயக்கப்பொறி ஓட்டிய காலத்தில் அந்த நிறுத்தம் கண்ணுக்கே தெரியும்.

இரண்டு தளங்களும் இதற்குக் கண்ட வழி ஒன்றுதான்: மறுபயன்பாடு. நாற்பது பேர் உட்காரும் ஓட்டலுக்கு ஒரு நாளில் ஆயிரம் பேர் சாப்பிட வரலாம். அதற்காக ஆயிரம் தட்டு யாரும் வாங்கிவைப்பதில்லை. எழுந்து போனவரின் தட்டு கழுவப்பட்டு அடுத்தவருக்கு வருகிறது. திரையின் மேல்விளிம்பைத் தாண்டிப்போன வரியின் வியூவும் அப்படியே: உள்ளே இருந்த எழுத்து மாற்றப்பட்டு, கீழிருந்து வரும் வரிக்குப் பயன்படுகிறது. ஆண்ட்ராய்டின் லிஸ்ட்வியூவில் கெட்வியூ என்ற செயற்கூறுக்குக் கன்வெர்ட்வியூ என்று ஒன்று வந்து சேருமே, அது கழுவி எடுத்துவந்த அந்தத் தட்டுதான். ஐபோனின் யூஐடேபிள்வியூவிலும் 2008-இல் செயலிகள் எழுதும் வசதி திறந்துவிடப்பட்ட நாள் முதலே இது உண்டு.

இப்போது கலவைக்கு வாருங்கள். கழுவிய தட்டு எல்லாவற்றுக்கும் ஆகாது. டவரா டம்ளரில் தோசை வைக்க முடியாது. தட்டு ஓர் அடுக்கிலும் டம்ளர் ஓர் அடுக்கிலும் தனித்தனியாக இருந்தால்தான் கேட்டதும் சரியானது கைக்கு வரும். லிஸ்ட்வியூவுக்குத் தரவை வரிகளாக மாற்றித்தரும் அடாப்டரில் முதல் பதிப்பிலேயே இரண்டு கேள்விகள் இருந்தன. உன்னிடம் மொத்தம் எத்தனை வகை என்று ஒன்று: கெட்வியூடைப்கவுண்ட். இந்த இடத்தில் இருப்பது எந்த வகை என்று இன்னொன்று: கெட்ஐட்டம்வியூடைப். ஒவ்வொரு வகைக்கும் தனி அடுக்கை வைத்துக்கொண்டு, தேதிப் பட்டைக்குத் தேதிப் பட்டையையும் புகைப்படத்துக்குப் புகைப்பட வியூவையும் லிஸ்ட்வியூ எடுத்துக்கொடுக்கும். ஐபோனில் இதே வேலையைச் செய்வது ஓர் எழுத்துச்சரம். அதை மறுபயன்பாட்டுப் பெயர் என்று வைத்துக்கொள்ளலாம்.

லிஸ்ட்வியூவில் ஒரு கெடுபிடி இருந்தது. வகைகளின் எண்ணிக்கையை அது அடாப்டரைப் பொருத்தும்போது ஒரே ஒரு முறைதான் கேட்கும். வகை எண்கள் பூஜ்யத்தில் தொடங்கி அந்த எண்ணிக்கைக்குள் அடங்க வேண்டும். மூன்று வகை இருந்த பட்டியலில் நான்காவதாக ஒன்றைச் சேர்த்துவிட்டு எண்ணிக்கையை மாற்ற மறந்தால், அந்த வகையின் வரியை உருட்டிக் கடக்கும்போது செயலி விழுந்துவிடும். 2010-இல் கூகுள் ஐஓ மாநாட்டில் ஆண்ட்ராய்டுப் பொறியாளர்கள் ரொமேன் கீயும் ஆடம் பவலும் லிஸ்ட்வியூவைப் பற்றி மட்டுமே ஓர் அமர்வு நடத்தினார்கள். கன்வெர்ட்வியூவை எப்படிப் பயன்படுத்துவது, ஒரு வரியின் வியூக்களைப் பிடித்துவைக்கும் வியூஹோல்டர் ஏன் வேண்டும் என்று அவர்கள் பொறுமையாக விளக்கியதைப் பார்த்துத்தான் ஒரு தலைமுறை நிரலாளர்கள் பட்டியல் எழுதக் கற்றார்கள். இன்றும் அதைத் தேடிப் பார்க்கலாம். கருவிகள் மாறினாலும் காரணங்கள் மாறவில்லை.

2014-இல் ரீசைக்ளர்வியூ வந்தது. எண்ணிக்கைக் கெடுபிடி போயிற்று; வகைக்கு எந்த முழு எண்ணையும் கொடுக்கலாம். அந்த வகையின் லேஅவுட் கோப்பின் எண்ணையே வகை எண்ணாகக் கொடுப்பது நல்ல பழக்கம். இரண்டு வகைக்குத் தவறிப்போய் ஒரே எண் வைத்துவிட வாய்ப்பே இருக்காது. இன்னொரு பெரிய மாற்றம், வியூவைக் கட்டுவதையும் அதில் விவரம் நிரப்புவதையும் இரண்டு செயற்கூறுகளாகப் பிரித்தது. கட்டுபவருக்கு வகை மட்டும் சொல்லப்படும், இடம் சொல்லப்படாது. நிரப்புபவருக்குத்தான் இடம் சொல்லப்படும். வகையும் இடமும் வேறுவேறு கேள்விகள் என்பதை அந்தக் கருவியே நமக்குக் கற்றுக்கொடுக்கிறது.

எத்தனை வகை வைக்கலாம்? மாணவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். இதற்குச் சூத்திரம் இல்லை, ஆனால் இரண்டு பக்கத்துப் பள்ளங்களையும் காட்ட முடியும்.

ஒரு பக்கம், எல்லாவற்றையும் ஒரே வகைக்குள் அடைப்பது. படம், பொத்தான், குரல் அலைகோடு, தேதிப் பட்டை எல்லாவற்றையும் ஒரே லேஅவுட்டில் போட்டுவிட்டு, தேவையில்லாததை மறைத்துவிடுவது. தொடக்கத்தில் இது எளிமையாகத்தான் தெரியும். ஆனால் 'சரி' என்ற ஒற்றைச் சொல் செய்தியும் முப்பது வியூக்கள் கொண்ட மூட்டையைச் சுமக்க வேண்டியிருக்கும். நிரப்பும் செயற்கூறு நிபந்தனை மேல் நிபந்தனையாக வளர்ந்து, மூன்றாவது மாதத்தில் அதைத் தொட எவருக்கும் துணிவு வராது.

மறுபக்கம், ஒவ்வொரு சின்ன வேறுபாட்டுக்கும் ஒரு வகை. செய்தி வந்ததா போனதா, படம் உண்டா இல்லையா, வேறொரு செய்திக்குப் பதிலா இல்லையா, இணைய முகவரியின் முன்னோட்டம் உண்டா இல்லையா. நான்கே கேள்விகள்தான். ஆனால் எல்லாச் சேர்க்கைகளையும் தனி வகையாக்கினால் 16 வகை. ஐந்தாவது கேள்வி வந்தால் 32. ரீசைக்ளர்வியூ ஒவ்வொரு வகைக்கும் தனி அடுக்கு வைத்து, அடுக்குக்கு ஐந்து வரை சேர்த்துவைக்கிறது. வகைகள் பெருகினால் தேவைப்படும் அடுக்கு காலியாகவும் தேவைப்படாத அடுக்குகள் நிறைந்தும் இருக்கும். மறுபயன்பாடு பேருக்குத்தான் இருக்கும். உண்மையில் ஒவ்வொரு வரியும் புதிதாகவே கட்டப்படும்.

நான் பின்பற்றுவது இதுதான்: எலும்புக்கூடு மாறினால் வகை மாறட்டும்; தசை மட்டும் மாறினால் ஒரே வகையாக இருக்கட்டும். வந்த செய்தி, போன செய்தி இரண்டுக்கும் பக்கமும் நிறமும்தான் மாறுகின்றன என்று தோன்றும். ஆனால் வந்த செய்தியில் அனுப்பியவர் பெயரும் படமும் உண்டு, போன செய்தியில் படித்தாரா என்ற குறி உண்டு. எலும்பே வேறு, ஆகவே இரண்டு வகை. முன்னோட்டம் உள்ள செய்தி, இல்லாத செய்தி என்பது அதே எலும்பில் ஒரு பெட்டி கூடுவதுதான். அதற்குத் தனி வகை வேண்டாம். இருந்தால் காட்டு, இல்லாவிட்டால் மறை. ஃபேஸ்புக் 2017-இல் வெளியிட்ட லித்தோ நூலகம் இந்தச் சிக்கலை வேறு வழியில் அணுகியது. முழு வரியையும் மறுபயன்பாடு செய்வதற்குப் பதிலாக, எழுத்துத் துண்டு, படத்துண்டு என்று சிறு துண்டுகளை மறுபயன்பாடு செய்யும். எத்தனை விதமான பதிவுகள் வந்தாலும் அவற்றின் துண்டுகள் சில வகைகளுக்குள் அடங்கிவிடுவதால் அடுக்குகள் காலியாவதில்லை. அவர்களுடைய செய்தியோடையில் வகைகள் எண்ணில் அடங்காமல் பெருகியதால் அவர்களுக்கு அது தேவைப்பட்டது. உங்கள் பட்டியலில் ஏழெட்டு வகை இருந்தால் ரீசைக்ளர்வியூ தாராளமாகப் போதும்.

இனி அடையாளம். இதில்தான் நான் உங்கள் நேரத்தை அதிகம் எடுத்துக்கொள்ளப்போகிறேன்.

மூன்றாவது வரியில் ஒரு தேர்வுக் குறியைத் தட்டுகிறீர்கள். கீழே உருட்டுகிறீர்கள். பதினான்காவது வரியில் நீங்கள் தொடாமலே ஒரு குறி நிற்கிறது. பட்டியல் எழுதிப் பழகும் ஒவ்வொருவரும் இதைப் பார்த்திருப்பீர்கள். மூன்றாவது வரியைக் காட்டிய வியூதான் இப்போது பதினான்காவது வரிக்கு வந்திருக்கிறது. குறி அந்த வியூவிலேயே தங்கிவிட்டது. கழுவாத தட்டு. தீர்வு இரண்டு படி கொண்டது. குறி இட்டதா என்ற செய்தி வியூவில் இருக்கக் கூடாது, உருப்படியோடு இருக்க வேண்டும். நிரப்பும்போது ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கத்தையும் எழுத வேண்டும்: இட்டிருந்தால் இடு, இல்லாவிட்டால் எடு. அந்த இரண்டாம் பாதியை எழுதாமல் விடுவதுதான் பிழைக்கு வேர். ஒருமுறை மறைத்த பெட்டி அடுத்தவருக்கும் மறைந்தே போவதும் இதே காரணத்தால்தான்.

அடுத்தது இன்னும் தந்திரமானது. ஐந்தாவது வரிக்கு ஒரு புகைப்படம் இணையத்திலிருந்து வர வேண்டும். கோரிக்கை போயிருக்கிறது, இணைப்பு மெதுவானது. பயனர் காத்திருக்காமல் உருட்டிவிட்டார். ஐந்தாவது வரியின் வியூ இப்போது பதினேழாவது வரியைக் காட்டுகிறது. அந்த நேரம் பார்த்துப் படம் வந்து சேர்கிறது. தனக்குச் சொல்லப்பட்ட வியூவில் போய் உட்காருகிறது. ஒருவரின் பெயருக்குப் பக்கத்தில் இன்னொருவரின் முகம். திருமணத் தகவல் செயலியிலோ மருத்துவச் செயலியிலோ இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப்பாருங்கள். பிக்காசோ, கிளைட் போன்ற படநூலகங்கள், அதே வியூவுக்குப் புதிய கோரிக்கை வந்தால் பழையதைக் கைவிட்டுவிடும். ஆனால் கலவைப் பட்டியலில் ஒரு பொறி மிச்சம் இருக்கிறது. பதினேழாவது வரிக்குப் படமே இல்லை என்றால் நீங்கள் புதிய கோரிக்கை எதுவும் அனுப்ப மாட்டீர்கள்; பழைய கோரிக்கை உயிரோடு இருக்கும். படம் இல்லாத வரிக்கும் 'இந்த வியூவுக்கான கோரிக்கையைக் கைவிடு' என்று நூலகத்துக்குச் சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது, எண்கணிதத்தில் பிறக்கும் பிழை. செய்திச் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். செய்திகள் ஒரு பட்டியலாக வருகின்றன. எட்டுச் செய்திக்கு ஒரு விளம்பரம் வைக்க வேண்டும் என்கிறார்கள். நிரலாளர் செய்திப் பட்டியலைத் தொடாமல், காட்டும் இடத்தில் கணக்குப் போடுகிறார்: இந்த இடம் ஒன்பதால் வகுபட்டால் விளம்பரம், இல்லாவிட்டால் இடத்திலிருந்து இதுவரை வந்த விளம்பரங்களைக் கழித்தால் செய்தியின் எண். ஓடுகிறது. அடுத்த மாதம் மேலே ஒரு வானிலைப் பட்டை சேர்கிறது. கணக்கில் ஒன்று கூட்டுகிறார். பிறகு விளம்பரம் கிடைக்காத நேரத்தில் அந்த இடத்தை விட்டுவிட வேண்டும் என்கிறார்கள். கணக்கு உடைந்துபோகிறது. ஒரு செய்தியைத் தட்டினால் அடுத்த செய்தி திறக்கிறது. படிப்பவர் தன் விரல் தவறிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார், புகார்கூட வராது.

இதற்கு மருந்து கணக்கைத் திருத்துவது அல்ல, கணக்கே இல்லாமல் செய்வது. திரைக்கு என்ன வர வேண்டுமோ அதை முதலில் ஒரே பட்டியலாகக் கோத்துவிடுங்கள்: வானிலை, தேதி, செய்தி, செய்தி, விளம்பரம், செய்தி. ஒவ்வோர் உருப்படியும் தான் என்ன வகை என்பதையும் தான் யார் என்பதையும் தன்னோடே வைத்திருக்கட்டும். காட்டும் பகுதி எதையும் கழிக்கவோ கூட்டவோ கூடாது. அந்த இடத்தில் இருப்பதை எடுத்து, அதையே கேட்டுக்கொள்ள வேண்டும். இப்படிக் கோத்துத் தரும் செயற்கூறைத் திரை இல்லாமலே சோதித்துப் பார்க்கலாம் என்பது இன்னொரு லாபம். கொடுத்த செய்திகள் இவை, வந்த பட்டியல் இது, சரியா என்று பார்க்க ஒரு நொடியும் ஆகாது.

இடத்தை நம்பக் கூடாது என்பதை ரீசைக்ளர்வியூவை எழுதியவர்களே கண்டிப்பாகச் சொல்கிறார்கள். நிரப்பும்போது வந்த இட எண்ணைப் பிடித்துவைத்துக்கொண்டு, பிறகு தட்டும்போது அதைப் பயன்படுத்தாதே என்பது அவர்கள் விதி. இடையில் மேலே புதிய செய்தி வந்திருக்கலாம், ஒன்று நீக்கப்பட்டிருக்கலாம். தட்டும் கணத்தில் எங்கே இருக்கிறாய் என்று வியூஹோல்டரைக் கேட்கவே தனிச் செயற்கூறு உண்டு. அந்த உருப்படி பட்டியலை விட்டே போயிருந்தால், இடம் இல்லை என்று சொல்ல −1 என்ற பதிலும் உண்டு.

அடையாளம் தனியாக இருந்தால் கிடைக்கும் பெரிய வரம், பட்டியல் மாறும்போது தெரியும். 2016-இல் ஆண்ட்ராய்டுக்கு டிஃப்யுடில் வந்தது. கணினி அறிஞர் யூஜின் மையர்ஸ் 1986-இல் வெளியிட்ட ஒப்பீட்டு வழிமுறையின் மேல் கட்டப்பட்டது அது. பழைய பட்டியலையும் புதியதையும் கொடுத்தால், எது சேர்ந்தது, எது போனது என்று கண்டுபிடித்து அந்த வரிகளை மட்டும் நகர்த்தும். அது நம்மிடம் இரண்டு கேள்விகள் கேட்கிறது: இந்த இரண்டும் ஒரே உருப்படியா? ஒரே உருப்படி என்றால் உள்ளடக்கமும் அதேதானா? முதல் கேள்விக்கு அடையாளத்தை வைத்துப் பதில் சொல்லுங்கள். கலவைப் பட்டியலில் வகையையும் சேர்த்து. செய்தி எண் 7-ம் விளம்பர எண் 7-ம் ஒன்றல்ல. இதை விட்டுவிட்டால், விளம்பரம் செய்தியாக மாறிவிட்டது என்று கருவி நினைத்து, நகர வேண்டியதை உருமாற்றிக் காட்டும்.

ஐபோன் பக்கம் இடத்தை நம்பும் நோய் இன்னும் கொடுமையாக இருந்தது. எத்தனை வரி சேர்ந்தது, எத்தனை போனது என்று நீங்கள் சொல்லும் கணக்கும் பட்டியலில் உண்மையில் உள்ள எண்ணிக்கையும் ஒன்றுக்கொன்று ஒத்துவராவிட்டால் செயலி அந்த இடத்திலேயே விழும். அந்தப் பிழைச்செய்தியைப் பார்க்காத ஐபோன் நிரலாளர் இருக்க மாட்டார். 2019-இல் ஐஓஎஸ் 13-உடன் வந்த டிஃபபிள் டேட்டாசோர்ஸ் அதைத் தீர்த்தது. இட எண்ணைக் கேட்காமல் ஒவ்வோர் உருப்படிக்கும் தனித்துவமான ஓர் அடையாளம் கேட்டது. கணக்கைத் தானே போட்டுக்கொண்டது. ஆண்ட்ராய்டின் புதிய கருவியான ஜெட்பேக் கம்போஸில், பட்டியல் காட்டும் லேசிகாலமுக்கு நாம் கொடுக்கும் அளவுருக்களைப் பாருங்கள்: அடையாளத்துக்குக் கீ என்று ஒன்று. வகைக்கு, 1.2 பதிப்பில் சேர்ந்த கன்டென்ட்டைப் என்று இன்னொன்று. லிஸ்ட்வியூ காலத்திலிருந்து பத்தாண்டுகளுக்கும் மேலாக அடிபட்டுக் கற்றது அந்த இரண்டு அளவுருக்களில் அடங்கியிருக்கிறது. எழுதும்போது இரண்டையும் விட்டுவிட்டாலும் பட்டியல் ஓடும் என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள்.

ஃப்ளட்டரில் எழுதுபவர்கள், எங்களுக்கு மறுபயன்பாடே கிடையாதே என்று கேட்கலாம். உண்மைதான். ஃப்ளட்டர் திரைக்கு அருகே வரும்போது உருப்படியைக் கட்டுகிறது, விலகிப்போனால் கலைத்துவிடுகிறது. விட்ஜெட்டுகள் இலேசானவை என்பதால் அது கட்டுப்படியாகிறது. கழுவாத தட்டுப் பிழை அங்கே குறைவு. ஆனால் நேர்மாறான பிழை உண்டு. உருப்படிக்குள் பயனர் பாதி எழுதிய பதில், திரையை விட்டு வெளியே போய்த் திரும்பினால் காணாமல் போய்விடக்கூடும். நோய் வேறு, மருந்து ஒன்றுதான்: நினைவில் வைக்க வேண்டியதை வியூவில் வைக்காதே.

ஃப்ளட்டரின் பயிற்சிப் பக்கத்தில் கலவைப் பட்டியலுக்கு ஓர் அழகான சிறு எடுத்துக்காட்டு தருகிறார்கள். லிஸ்ட்ஐட்டம் என்று ஒரு பொது வகுப்பு. அதன்கீழ் தலைப்பு உருப்படி, செய்தி உருப்படி என்று இரண்டு. தன்னை எப்படி வரைவது என்பதை ஒவ்வொன்றும் தானே அறிந்திருக்கும். இரண்டு வகைக்கு இது சரி. பெரிய செயலியில் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே செய்தி பட்டியலில் ஒரு மாதிரியும், தேடல் முடிவில் ஒரு மாதிரியும், அறிவிப்பில் வேறு மாதிரியும் தெரிய வேண்டும். தரவு தன் உடையைத் தானே தைத்துக்கொண்டால் மூன்று உடைகளையும் சுமந்துகொண்டே அலைய வேண்டும். தரவு தான் என்ன வகை என்று மட்டும் சொல்லட்டும். எப்படிக் காட்டுவது என்று திரை முடிவுசெய்யட்டும்.

அந்த வகைகளை மூடிய பட்டியலாக அறிவியுங்கள். கோட்லினில் சீல்ட் கிளாஸ், ஸ்விஃப்டில் ஈனம், ஃப்ளட்டருக்கான டார்ட் மொழியிலும் 2023-இல் வந்த 3-ஆம் பதிப்பு முதல் சீல்ட் கிளாஸ். நாளை குரல்பதிவு என்று புதிய வகை சேர்ந்தால், அதைக் கவனிக்க மறந்த ஒவ்வோர் இடத்தையும் கம்பைலரே காட்டிக்கொடுக்கும். ஆனால் 'மற்றவை' என்று ஒரு கிளையை நீங்கள் எழுதிவைத்தால் அந்தக் காவல் போய்விடும். ஆகவே செயலிக்குள்ளே 'மற்றவை' வேண்டாம்.

செயலிக்கு வெளியே, சேவையகத்திலிருந்து தரவு வரும் வாசலில் மட்டும் 'மற்றவை' கட்டாயம் வேண்டும். வலைத்தளத்தை மாற்றினால் எல்லோருக்கும் மாறிவிடும். கைபேசிச் செயலி அப்படி அல்ல. நினைவகம் போதாமலோ டேட்டா தீர்ந்துவிடுமே என்ற கவலையாலோ இரண்டு ஆண்டுகளாகப் புதுப்பிக்காமல் வைத்திருப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். சேவையகம் இன்று அனுப்பத் தொடங்கிய 'கருத்துக்கணிப்பு' என்ற வகையை அந்தப் பழைய செயலி அறியாது. அறியாத ஒரு வகைக்காக முழுப் பட்டியலும் காட்டப்படாமல் போனால், பிழை அந்தப் பயனருடையது அல்ல, நம்முடையது. அறியாததை அமைதியாகத் தாண்டிப்போவது ஒரு வழி. விளம்பரம், பரிந்துரை போன்றவற்றுக்கு அது போதும். ஆனால் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய செய்தியை அப்படி விழுங்கிவிடக் கூடாது. உங்கள் பதிப்பில் இந்தச் செய்தியைக் காட்ட முடியாது, புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்று வாட்ஸ்அப் அந்த இடத்தில் ஒரு வரியாவது காட்டுகிறது. செய்தி வந்தது என்பதையாவது பெறுபவர் அறிகிறார். எதைத் தாண்டலாம், எதைத் தாண்டக் கூடாது என்பதை முதல் பதிப்பு வெளிவருவதற்கு முன்பே முடிவுசெய்யுங்கள். வெளியே போன பதிப்பைத் திரும்ப அழைக்க முடியாது.

வகையைப் பற்றி நிரலாளருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. பார்ப்பவருக்கும் தெரிய வேண்டும். செய்திக்கும் விளம்பரத்துக்கும் ஒரே எழுத்து, ஒரே கட்டம், ஒரே படஅளவு கொடுத்து, விளம்பரம் என்ற சொல்லை மட்டும் வெளிறிய சாம்பல் நிறத்தில் மூலையில் ஒதுக்கும் வடிவமைப்புகளை நாம் தினமும் பார்க்கிறோம். அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2015 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை அறிக்கை, விளம்பரத்தின் வடிவமே ஏமாற்றாக இருக்க முடியும் என்று வெளிப்படையாகச் சொன்னது. நிரலில் விளம்பரத்துக்குத் தனி வகை எழுதிவிட்டு, திரையில் அந்த வேற்றுமையை மறைக்கச் சொன்னால், மறுத்துப் பேசுங்கள். அந்தப் பேச்சைத் தொடங்கும் தகுதி உங்களுக்கு உண்டு, ஏனென்றால் அந்த வகையை எழுதுபவர் நீங்கள்தான்.

கண்பார்வை இல்லாதவர்கள் டாக்பேக், வாய்ஸ்ஓவர் என்ற திரைவாசிப்பான்கள் வழியாக இதே பட்டியலைக் கேட்கிறார்கள். நமக்குத் தலைப்பு என்பது பருத்த எழுத்திலேயே தெரிந்துவிடுகிறது. கேட்பவருக்குத் தெரியாது. ஐபோனில் ஹெடர் என்ற குறிப்பும், 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் அங்கே ஹெடிங் என்ற குறிப்பும் உண்டு. தலைப்பு வகையில் அதை ஒருமுறை எழுதிவிட்டால், அவர்கள் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவிச் செல்லலாம். இரண்டாயிரம் செய்திகளை ஒவ்வொன்றாகக் கடக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு வரி நிரல். வகைகளை ஒழுங்காகப் பிரித்துவைத்தவருக்குத்தான் அந்த ஒரு வரி எளிது. எல்லாவற்றையும் ஒரே லேஅவுட்டில் அடைத்தவர் எங்கே எழுதுவது என்று தேடிக்கொண்டிருப்பார்.

கடைசியாக உயரம். வகைக்கு ஒரு நிலையான உயரம் வைத்துவிட்டால் ஓட்டம் சீராக இருக்கும் என்பது பழைய அறிவுரை. ஆங்கிலத்தில் வரைந்து ஒப்புதல் வாங்கிய தேதிப் பட்டையில் தமிழில் 'செவ்வாய்க்கிழமை' வந்து நிற்கும்போது அந்த அறிவுரை செல்லாது. அகலம் போதாமல் சொல் பாதியில் முறியும், அல்லது மூன்று புள்ளியாகச் சுருங்கும். உயரத்தை இறுக்கினால் மேலே வளையும் கொக்கியும் கீழே இறங்கும் உகரச் சுழியும் வெட்டுப்படும். ஆண்ட்ராய்டு 14-இல் எழுத்தை 200 விழுக்காடு வரை பெரிதாக்கிக்கொள்ளலாம். கண் மங்கியவர்கள் அப்படித்தான் வைத்திருப்பார்கள். ஐஓஎஸ் 8 வந்த 2014 முதல் வரி தன் உயரத்தைத் தானே கணித்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் அது தொடக்கத்திலிருந்தே உண்டு. எழுத்து உள்ள வகைகளுக்கு உயரத்தை விட்டுக்கொடுங்கள். படம் உள்ள வகைக்கு மட்டும் முன்கூட்டியே இடம் ஒதுக்குங்கள். அதற்குப் படத்தின் அகலமும் உயரமும் சேவையகத்திலிருந்து விவரத்தோடு சேர்ந்தே வர வேண்டும். வராவிட்டால் படம் இறங்கிய கணத்தில் கீழே உள்ளவை எல்லாம் தள்ளப்பட்டு, படித்துக்கொண்டிருந்த வரி கண்ணிலிருந்து நழுவும். இதைச் சேவையகம் எழுதுபவரிடம் முதல் வாரத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் பழைய படங்களுக்கெல்லாம் அளவு எடுக்க வேண்டியிருக்கிறது என்பார்கள்.

உங்கள் செயலியில் எல்லா வகைகளும் ஒவ்வொன்றாக உள்ள ஒரு சோதனைப் பட்டியலை இன்றே எழுதிவையுங்கள்: படம் உள்ளது, இல்லாதது, மிக நீண்ட தமிழ்ச் சொல் உள்ளது, செயலி அறியாத வகை ஒன்று. அதை விலை குறைந்த ஒரு கைபேசியில், எழுத்தைப் பெரிதாக்கி, இணைப்பை மெதுவாக்கி, மேலும் கீழும் வேகமாக உருட்டிப் பாருங்கள். உருட்டிக்கொண்டிருக்கும்போதே மேலே ஒரு புதிய உருப்படியைச் சேருங்கள், நடுவில் ஒன்றை நீக்குங்கள். பிறகு ஏதாவது ஒரு வரியைத் தட்டி, தட்டியதுதான் திறக்கிறதா என்று பாருங்கள். கேள்விகள் இருந்தால் இப்போது எடுத்துக்கொள்ளலாம்.